நாலு போல்ட்டுக்கு நடுவில்

1

இப்போது உள்ள ஆட்களுக்குச் சுவிட்சைத் தட்டத் தெரியும். தட்டி எரியாவிட்டால் ஏசத் தெரியும். அதோடு சரி. சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க ஒருத்தனுக்கும் தோன்றுவதில்லை. போன மாதம் எங்கள் பிளாட்டில் கரண்ட் போனது. கீழே நாற்பது பேர் கூடி நின்று அரசாங்கத்தை ஏசினார்கள். மீட்டர் அறைக் கதவைத் திறந்தவன் நான் ஒருவன்தான். உடனே டை கட்டிய ஒருத்தன் ஓடி வந்து, "அங்கிள், தொடாதீங்க லா, உங்களுக்கு அதெல்லாம் தெரியாது" என்றான்.

எனக்கா தெரியாது? பத்தொன்பது வருஷம் அந்த மாதிரிக் கரண்ட் அலமாரிகளை லோரியில் ஏற்றிக் கிள்ளானிலிருந்து மலேசியா முழுக்க ஊர் ஊராக இறக்கியவன் நான்.

அந்த ஆத்திரத்தில்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கதை பிறந்த இடத்தைச் சொல்லும்போது நல்ல காரணமாக ஏதாவது சொல்ல வேண்டும் என்பார்கள். தேடிப் பார்த்தேன். டை கட்டினவனைத் தவிர வேறு காரணம் கிடைக்கவில்லை.

என் பெயர் நாகையா. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு நிறுத்தியவன். ஆகவே அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி எழுதினேன்:

"1988ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், கிள்ளான் நகரத்தின் மேல் கருமேகங்கள் சூழ்ந்து—"

அடித்துவிட்டேன். அன்றைக்கு நல்ல வெயில். லோரி சீட்டில் உட்கார முடியவில்லை.

இரண்டாவது:

"சபாபதி ஒரு தொழிலாளி. உழைப்பே உயிராக, காலை எழுந்தவுடன்—"

இதுவும் வேண்டாம். தொழிற்சங்கக் கூட்டத்தில் மாலை போடுவதற்கு முன்னால் பேசுகிற பேச்சு மாதிரி இருக்கிறது. மேலும் அவர் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகத்தான் வருவார். கேட்டால் பாலத்தில் ஜாம் என்பார்.

மூன்றாவது:

"மின்சாரம் என்பது—"

என்பது என்ன? நான் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஆளைப் பற்றி எழுத மாட்டேன். பார்த்ததிலிருந்து தொடங்குகிறேன். நான் பார்த்தது செம்பு.

3

ஆள் உயரத்துக்கு மேலே ஓர் இரும்பு அலமாரியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு ஃபேக்டரிக்கு வருகிற மொத்தக் கரண்டும் முதலில் இதற்குள்தான் நுழையும். இங்கிருந்துதான் மெஷினுக்கு, விளக்குக்கு, ஏர்கோனுக்கு என்று பிரிந்து போகும். மெயின் சுவிட்ச்போர்டு என்பார்கள். முன் கதவைத் திறந்தால் சுவிட்சுகள். அவற்றுக்குப் பின்னால் இருக்கிற தகட்டைக் கழற்றினால், உள்ளங்கை அகலத்தில், சுண்டுவிரல் கனத்தில் செம்புப் பட்டைகள் வரிசையாக நிற்கும். அதுதான் பஸ்பார். (முதல் தடவை கேட்டபோது, பஸ்ஸில் விழாமல் பிடித்துக்கொள்கிற கம்பி என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்லிவிட்டேன்.)

ஏன் பட்டை, ஏன் வயர் இல்லை என்று ஒரு நாள் சபாபதியைக் கேட்டேன்.

"ஏன்டா நாகையா, ஃபெடரல் ஹைவேயைக் கயிறு மாதிரி முறுக்கியா போட்டிருக்கான்? அகலமாப் போட்டாத்தான் பத்து லோரி போகும். வேணும்கிற எடத்துல சந்து பிரிக்கலாம். காத்துப் பட்டு சூடும் எறங்கும். இப்பப் புரியுதா, இன்னும் தே தாரிக் வேணுமா?"

புரிந்தது. நுரை வர ஆற்றின தே தாரிக்கும் வாங்கிக்கொடுத்தார்.

பட்டையில் ஆபத்து இல்லை. ஆபத்தெல்லாம் இணைப்பில். ஒரு பட்டை முடிகிற இடத்தில் அடுத்த பட்டையின் நுனியை மேலே வைத்து, நாலு போல்ட் போட்டு முடுக்குவார்கள். அந்த இரண்டு நுனிகளும் முகத்தோடு முகம் ஒட்டி உட்கார வேண்டும்.* அதற்காக நுனியை மட்டும் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள்.

* உட்காராவிட்டால் என்ன ஆகும்? நாலு தட ரோட்டில் மூன்றை அடைத்தால் என்ன ஆகுமோ அது. எல்லாம் ஒரு சந்தில் முட்டி மோதும். அந்த இடம் சுடும். சுட்டால் போல்ட் இளகும், இளகினால் இன்னும் சுடும். ஒரு நாள் புகை வரும். நான் புகையைப் பார்த்திருக்கிறேன், அதனால் இதை மட்டும் நம்புகிறேன்.

4

இப்போது ஆளைச் சொல்கிறேன்.

கிள்ளானில், மேரு ரோட்டுப் பக்கம், வாசு முதலாளியின் பட்டறை. அங்கே செம்பை வெட்டி, வளைத்து, துளை போட்டுப் பூட்டுகிற போர்மேன் சபாபதி. ஐம்பத்து நாலு வயது. யாரையும் நம்ப மாட்டார். மற்றவன் முடுக்கிய போல்ட்டை அவர் இன்னொரு தடவை ஸ்பேனர் போட்டு முடுக்குவார். ஸ்பேனரை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். தோளில் எங்கேயோ ஒரு இடத்தில் "போதும்" என்று அவருக்குக் கேட்குமாம். கேட்டதும், மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, நட்டிலிருந்து செம்பு வரைக்கும் ஒரு கோடு இழுப்பார். நட் அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கோடு இருந்தால், "இந்த இணைப்பை நான் பார்த்துவிட்டேன், முகமும் சுத்தம், முடுக்கும் சரி" என்று அர்த்தம். அது அவருடைய கையெழுத்து.

[இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்தேன். இந்தச் சபாபதி மேல் எனக்குச் சந்தேகம். நானும் மற்றவன் கட்டிய கயிற்றை நம்ப மாட்டேன், அவிழ்த்துத் திரும்பக் கட்டுவேன். அப்படியானால் நான் அவரை எழுதுகிறேனா, என்னையே எழுதி அவருடைய சட்டையை மாட்டிவிட்டேனா? வித்தியாசம் தெரியட்டும் என்று அவருக்கு ஒரு மீசை வைத்துப் பார்த்தேன். போலீஸ்காரர் மாதிரி ஆகிவிட்டார். எடுத்துவிட்டேன்.]

5

பக்கத்து ஊர் காப்பாரில் புதிதாக ஒரு கையுறை ஃபேக்டரி கட்டினார்கள். அதற்கு மெயின் போர்டு செய்கிற வேலை வாசுவுக்குக் கிடைத்தது. அவ்வளவு பெரிய போர்டு அந்தப் பட்டறையில் அதுவரைக்கும் செய்ததில்லை. வாசுவுக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு நாள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னார்:

"சபாபதி, கேட்டுக்குங்க. இது டெஸ்ட்டுல விழுந்துச்சுன்னா இனிமே இங்க செம்பு வேலையே கிடையாது. ரெடியா வெளியில வாங்கிப் பூட்டிக்குவேன். நீங்க ஸ்டோர்ல போய் சாமான் எடுத்துக் குடுங்க."

சபாபதி கையிலிருந்த பட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷம் செம்பு வளைத்தவரைக் கம்பிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, "அண்ணே, அரை இஞ்சு வாஷர் நாலு" என்று கேட்டால் அவர் எப்படி இருப்பார்? ஆகவே நீங்கள் இந்தக் கதையில் பயப்பட வேண்டிய விஷயம் இது ஒன்றுதான்: சபாபதி ஸ்டோருக்குப் போவாரா, மாட்டாரா.

போர்டு பாதி வேலையில் நிற்கும்போது ஆயுத பூசை வந்தது.

பட்டறையில் ஆயுத பூசை என்றால் வாசுவின் மனைவி தனலெட்சுமியின் ராஜ்யம். துளை போடுகிற மெஷின், வளைக்கிற மெஷின், ஸ்பேனர், சுத்தியல், காப்பி போடுகிற அடுப்பு, என் லோரி, எல்லாவற்றுக்கும் சந்தனம், நடுவில் குங்குமம். அந்த அம்மா கஞ்சமாக வைக்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு பொட்டும் ஐம்பது காசு அகலம், அப்பம் மாதிரி கனம்.

மேசை மேல் நாற்பத்தெட்டுப் பட்டைகள் பூட்டத் தயாராக இருந்தன. தனலெட்சுமி தட்டோடு அங்கே போனார். சபாபதி குறுக்கே நின்றார்.

"அம்மா, இது மட்டும் வேணாம்."

"ஏன் சபாபதி அண்ணே? மெஷினுக்குச் சாமி உண்டு, செம்புக்குச் சாமி இல்லையா?"

"இருக்கும்மா. ஆனா இது மூஞ்சில ஒண்ணும் ஒட்டக் கூடாது."

"மூஞ்சியா? பாருங்களேன், நுனியில எப்படிப் பளபளன்னு நெத்தி மாதிரி வச்சிருக்கீங்க! இங்க வைக்காம வேற எங்க வைக்கிறதாம்?"

வாசு பக்கத்தில் நின்றார். மனைவியைத் தடுக்கிற தைரியம் அவருக்கு இல்லை. "வைக்கட்டும் லா. நாளைக்குத் தொடைச்சிக்கலாம்" என்றார்.

நாற்பத்தெட்டு நெற்றிக்கும் பொட்டு.

மறுநாள் காலையில் சபாபதி பெயிண்ட் தின்னரும் துணியுமாக உட்கார்ந்தார். வேறு யாரையும் தொட விடவில்லை. ஒவ்வொரு பட்டையாக எடுப்பார், "மன்னிச்சிரு சாமி" என்பார், துடைப்பார். இருபத்தாறாவது வரைக்கும் நான் பார்த்தேன். அப்புறம் பங்சாரில் ஒரு சரக்கை இறக்க வேண்டியிருந்தது, போய்விட்டேன்.

(இதைக் குறித்துக்கொள்ளுங்கள். இருபத்தாறுக்கு மேல் நான் சாட்சி இல்லை. பார்த்த மாதிரி எழுதினால் நீங்கள் நம்புவீர்கள்தான். எனக்கு அந்தப் புத்தி கிடையாது.)

6

டெஸ்ட் நாள்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து இஞ்சினியர் வந்தார். விநாயகமூர்த்தி. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா ரயில்வேயில் பெரிய கிளார்க்காம். முப்பது வயது இருக்கும். நெற்றியில் திருநீறு, கையில் தோல் பெட்டி. பெட்டிக்குள் ஒரு முடுக்கி. சரியான அழுத்தம் வந்ததும் "டிக்" என்று சத்தம் போடுமாம்.

"தோளை நம்பக் கூடாது அண்ணை. தோள் காலமை ஒரு மாதிரி இருக்கும், பின்னேரம் ஒரு மாதிரி இருக்கும்."

சபாபதி அந்த முடுக்கியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "இது பொஞ்சாதியோட சண்டை போட்டுட்டு வந்தாலும் ஒரே மாதிரி முடுக்குமா தம்பி?"

"முடுக்கும்."

"அப்ப நல்லதுதான்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏற்றுக்கொண்ட மாதிரி முகம் இல்லை.

பட்டைகளுக்குள் கரண்டை ஓட விட்டார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சூடு பார்க்கிற வயர் ஒட்டியிருந்தது. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வாசு நடந்துகொண்டே இருந்தார். தனலெட்சுமி எல்லாருக்கும் சுண்டல் கொடுத்தார். மூன்றாவது மணி முடிகிறபோது விநாயகமூர்த்தி பென்சிலால் ஓர் எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார்.

"மற்றதெல்லாம் அறுபது டிகிரிக்குப் பக்கத்தில வடிவா நிக்குது. மஞ்சள் ஃபேஸ் வரிசைப் பட்டையில நாலாவது இணைப்பு தொண்ணூற்றெட்டு. இன்னும் ஏறுது."

வாசு சபாபதியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அந்த இணைப்பில் சிவப்புக் கோடு இருந்தது. உடையாமல், நேராக.

"கரண்டை நிப்பாட்டுங்க" என்றார் சபாபதி. "ஆறட்டும். அப்புறம் உங்க டிக்கைப் போட்டுப் பாருங்க தம்பி. என் தோள் பொய் சொல்லிச்சுன்னா நானே ஸ்டோர் சாவியை வாங்கிக்கிறேன்."

ஆறியது. விநாயகமூர்த்தி முடுக்கியைப் போட்டார். முதல் போல்ட். நட் ஒரு முடி அளவுகூடத் திரும்பவில்லை. டிக். இரண்டாவது. டிக். மூன்றாவது, நாலாவது. டிக், டிக். தோள் பொய் சொல்லவில்லை.

"ஆச்சரியம்" என்றார் விநாயகமூர்த்தி. மனசாரச் சொன்னார்.

சபாபதிக்கு மட்டும் அந்த நேரத்தில் சந்தோஷம் வரவில்லை. முடுக்கு சரி. அப்படியென்றால் ஏன் சுட்டது? அவருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் நின்ற எனக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்டால், அவர் மூச்சு விடுகிற சத்தம் மாறியது. (இது கொஞ்சம் நானாகச் சேர்த்தது. ஆனால் மாறியிருக்கத்தான் வேண்டும்.)

"கழட்டுங்க" என்றார்.

7

நாலு போல்ட்டையும் உருவி, மேல் பட்டையைத் தூக்கினார்கள்.

நாலு துளைக்கு நடுவில், ஐம்பது காசு அகலத்தில், நசுங்கிக் காய்ந்து ஓரம் கருகிய சந்தனம். அதன் மத்தியில் குங்குமம்.

அந்தப் பொட்டின் கனத்தில் இரண்டு முகமும் ஒட்டவே இல்லை. போல்ட் அவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருந்தும், செம்பும் செம்பும் தொட்டது ஓரத்தில் இரண்டே இடத்தில்.

ஒருத்தரும் அதைத் துடைக்கக் கை நீட்டவில்லை. தனலெட்சுமி தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். விநாயகமூர்த்தி பேப்பரை எடுத்து எழுதத் தொடங்கினார்.

"என்ன எழுதுறீங்க?" என்றார் சபாபதி.

"இணைப்புக்குள்ள அந்நியப் பொருள்."

"அந்நியமா? தம்பி, உங்க நெத்தியில இருக்கிறது அந்நியமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. வாசு சிரிக்கவில்லை.

"அந்தப் பேச்சு அப்புறம். பொட்டு இருக்கு, மேல சிவப்புக் கோடும் இருக்கு. கோடு போட்டா மொகம் பார்த்தாச்சுன்னு நீங்கதானே சொல்வீங்க? இதுக்கு யாரு பதில் சொல்றது?"

சபாபதி வாயைத் திறந்தார்.

8

அந்த நேரத்தில் வெளியே ஒருத்தன் ஹாரன் அடித்தான். என் லோரி வழியை மறித்து நின்றதாம். விட்டுவிட்டு அடிக்காமல் கையை எடுக்காமலே அடித்தான். நான் ஓடினேன். பின்னால் எடுத்து, முன்னால் எடுத்து, அவனை ஏசி, அவன் என்னை ஏசி, திரும்பி வர எட்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

நான் உள்ளே வந்தபோது சபாபதி பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தனலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். விநாயகமூர்த்தி சுண்டல் தின்றார். வாசு என்னைப் பார்த்து, "நாளைக்கு மறுபடி டெஸ்ட், முடிஞ்சதும் காப்பாருக்கு ஏத்தணும்" என்றார். மறுநாள் அந்த இணைப்பும் அறுபதில் நின்றது. போர்டை நான்தான் கொண்டுபோய் இறக்கினேன். சபாபதி ஸ்டோருக்குப் போகவில்லை. இன்னும் ஏழு வருஷம் செம்பு வளைத்துவிட்டு, போன பொங்கலோடு வேலையை விட்டார்.

உங்கள் பயம் தீர்ந்தது. என் தலைவலி இங்கேதான் தொடங்கியது. ஒரு கதைக்கு நடுவில் எட்டு நிமிஷம் இல்லை. பட்டை வெட்டி வைத்த மாதிரி, இந்தப் பக்கம் ஒரு நுனி, அந்தப் பக்கம் ஒரு நுனி. சபாபதி என்ன சொன்னார்?

9

கேட்டேன். விடுகிற ஆள் இல்லை நான்.

முதல் முடிவு, வாசு சொன்னது: "சபாபதி நேரா என் மூஞ்சியப் பார்த்து, நான்தான் பார்க்காம விட்டுட்டேன் முதலாளின்னு சொன்னாரு. இருபத்திரண்டு வருஷத்துல முதல் தடவை. அதுக்கு மேல நான் என்ன பேசறது?"

எழுதிப் பார்த்தேன். "'தப்பு என்னுடையது' என்று சபாபதி தலை குனிந்து—" அடித்துவிட்டேன். அந்தத் தலை குனியாது. ஒரு தடவை என் லோரிக் கதவில் தானே இடித்துக்கொண்டு, கதவு தப்பான இடத்தில் இருக்கிறது என்று சொன்னவர் அவர்.

இரண்டாவது முடிவு, தனலெட்சுமி சொன்னது: "அவர் தொடைச்சிட்டாருப்பா. நான்தான் விஜயதசமி அன்னிக்குச் சாயங்காலம் வந்து பார்த்தேன். நாப்பத்தெட்டும் மூளியா கெடந்துச்சு. மனசு கேக்கல, ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் வச்சேன். அதை அங்கயே சொல்லிட்டேன்."

இதை எழுதும்போது நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தச் சாயங்காலம் அந்த அம்மா பத்துமலைப் பக்கம் தங்கச்சி வீட்டுக்குப் போனதாகப் பட்டறையில் பேச்சு. யாரைக் காப்பாற்ற இந்தக் கதை?

மூன்றாவது முடிவு, விநாயகமூர்த்தி சொன்னது: "ஒருத்தரும் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான் குறுக்கால புகுந்து, பூட்டும்போது ஒருக்கா வந்து பார்த்தது நான், அப்ப முகத்தைக் கவனிக்காதது என்ர பிழை எண்டு சொன்னனான். ரிப்போர்ட்டில பேர் போடேல்லை."

இஞ்சினியர் தன் பிழை என்று சொன்னாராம். சொல்லுங்கள், நீங்கள் அப்படி ஒரு இஞ்சினியரைப் பார்த்ததுண்டா?

10

கடைசியில் போன வாரம், கதையைக் கையில் எடுத்துக்கொண்டு சபாபதியையே பார்க்கப் போனேன். மகளோடு பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறார். கீழே வாழையிலைக் கடையில் உட்கார்ந்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் படித்துக்காட்டினேன். ரசத்தைக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"சரி, சொல்லுங்கண்ணே. மூணுல எது?"

"நீ லோரியத் திருப்பப் போனல்ல? நான் வாயத் தொறந்தேன், 'நான்தான்'னேன். அதே நேரத்துல அந்தம்மா 'நான்தான்'னாங்க. அந்த இஞ்சினியர் தம்பியும் 'நான்தான்'னான். மூணு பேரும் ஒண்ணா. முதலாளி யாரப் பார்க்கிறதுன்னு தெரியாம சுத்திச் சுத்திப் பார்த்தாரு. அதுல சிரிச்சவங்கதான் நாங்க."

"பொட்டு வச்சது யாருன்னு கேட்டேன்."

"அதுதான் சொன்னேனே."

"அது பதில் இல்லண்ணே."

"உனக்கு எது வேணுமோ அதை எழுதிக்கோ போ. மோர் சொல்லவா?"

நான் யோசித்தேன். மூன்று பேர். மூன்று பேருக்கும் தலை போகிற விஷயம். ஒருத்தர் மேல் ஒருத்தர் தள்ளிவிட வழி இருந்தது. அதை விட்டுவிட்டு மூன்று பேரும் ஒரே மூச்சில் பழியை இழுத்துத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்களாம். அதுவும் கிள்ளானில். அதுவும் பகல் மூன்று மணி வெயிலில்.

இதை முடிவாக எழுதினால் நீங்கள் சந்தோஷப்படுவீர்கள், எனக்குத் தெரியும். வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். நாலு முடிவும் உங்கள் முன்னால் கிடக்கிறது, பிடித்ததைப் பூட்டிக்கொள்ளுங்கள். கோடு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், நான் போட மாட்டேன்.

"மோர் வேணாம்" என்று எழுந்தேன்.

"நம்பலையா?" என்றார் சபாபதி, இலையை மடித்துக்கொண்டே.

"இல்ல."

"நல்லது" என்றார்.

கை கழுவினேன். பேப்பர்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தேன். பின்னால் அவர் யாரிடமோ சிரிப்பது கேட்டது. திரும்பிப் பார்க்காமல் ரோட்டைக் கடந்து, கிள்ளான் பஸ் நிற்கிற பக்கமாக நடந்தேன். மூன்று பேராம். ஒன்றாகவாம்.